முள் கீழேதான் இருந்தது

பஞ்சாட்சரம் செத்துப் பதினாறாம் நாள் மோட்டார் தொழிலாளர்கள் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் இரங்கல் கூட்டம் போட்டார்கள். போட்டோவுக்குக் கதம்ப மாலை, ஊதுவத்தி, வாடகை மைக். நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் சுற்றிச் சுற்றி ஒன்றையேதான் சொன்னார்கள்: "பஞ்சாட்சரம் கை வெச்ச மீட்டர் பொய் சொல்லாது." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்தாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். என் பெயர் சிட்டிபாபு. ரெட்டை மண்டபத்துக்குப் பக்கத்தில் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் பஞ்சாட்சரத்தின் கடைக்கும் நடுவில் ஒரு தட்டிதான் தடுப்பு. இருபத்தைந்து வருஷம் அவன் இருமினால் எனக்குக் கேட்கும், நான் யாரையாவது திட்டினால் அவனுக்குக் கேட்கும். நான் திட்டாத நாள் கம்மி.

அவன் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், தறிக்காரக் குடும்பத்தில். வீட்டில் தறி இரண்டு, பிள்ளைகள் மூன்று. அண்ணன்கள் இருவரும் தறியில் உட்கார்ந்துவிட்டதால் கடைசிப் பிள்ளையான இவன் வீடு வீடாகப் புணைப்பு வேலைக்குப் போனான். தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழையைச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போட்டால் தறியில் மாட்டிக்கொண்டு அறுந்துபோகும். அதனால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு, அவ்வளவுதான். சேர்த்த இடம் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. பன்னிரண்டு வயதிலிருந்து ஏழெட்டு வருஷம் பஞ்சாட்சரம் அந்த வேலை பார்த்தான். பிறகு அப்பாவோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டு மெட்ராசுக்குப் போய், ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் எலக்ட்ரிக் வேலை கற்றுக்கொண்டு, ஐம்பத்திரண்டில் ஊருக்குத் திரும்பி என் கடைக்குப் பக்கத்தில் பலகை மாட்டினான்.

நல்ல வேலைக்காரன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. ஆனால் கர்வி. மற்ற மெக்கானிக்குகள் மீட்டர் கெட்டுவிட்டது என்றால் மீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்கி வரச் சொல்வார்கள். இவன் அதைக் கேட்டாலே சிரிப்பான். "மீட்டரு கெடறது பத்துல ஒண்ணுதான் சிட்டி. மிச்சம் ஒம்பதும் வயரு, இல்லன்னா எர்த்து. மீட்டரு பாவம், அதுக்கு வர்ற சேதியத்தான் சொல்லுது" என்பான். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, காதில் ஒரு பென்சில், கையில் ஒரு டெஸ்ட் பல்பு. மேசை ஓரத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் அடுப்புச் சாம்பல். கிரீஸ் பட்டு விரல் வழுக்கினால் அதைத் தொட்டுக்கொள்வான். புணைப்பு வேலையில் வந்த பழக்கம், கடைசிவரை விடவில்லை. பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை.

எழுபத்தொன்று புரட்டாசியில் பட்டு முதலாளி வேணுகோபாலின் கார் வந்தது. சாம்பல் நிற வண்டி, வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். டிரைவர் முனிசாமி கூரத்துக்காரன். ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து வந்து லாரியில் கிளீனராக இருந்து டிரைவரானவன். முதலாளி வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறையில் மனைவி தேவகியோடும் ஒரு பெண் குழந்தையோடும் குடியிருந்தான். தேவகி முதலாளி வீட்டில் வேலை செய்தாள்.

"அண்ணே, ஹீட் மீட்டரு மேல போயி ஒட்டிக்கினு நிக்குது. தண்ணி கொதிக்கல, ஒண்ணும் இல்ல. வேற மீட்டரு போடணும்னு சொல்றாங்கோ" என்றான் முனிசாமி.

பஞ்சாட்சரம் மீட்டரைத் தொடவேயில்லை. "பெட்ரோல் மீட்டரு இன்னா காட்டுது?" என்று கேட்டான்.

"அதுவும் ஃபுல்லுதான் காட்டுது. நேத்து காலியாயி பம்ப்பு வரைக்கும் தள்ளிக்கினு போனேன்."

"அப்போ ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லுது. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது எது? அங்கதான் கோளாறு."

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். மீட்டர்களுக்குப் போகும் கரண்டை ஒரே அளவில் நிறுத்தி அனுப்ப, ஸ்டெபிலைசர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அது வண்டியின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பிடித்திருந்த திருகாணியில் துரு. ஒட்டு விட்டுப்போனதால் முழு கரண்டும் இரண்டு மீட்டருக்கும் போய் முள் மேலே ஏறி நின்றுகொண்டிருந்தது. துருவைச் சுரண்டி, திருகாணியை இறுக்கினான். இரண்டு முள்ளும் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கின. கால் மணி நேர வேலை.

அதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

படுத்திருந்தவன் கண்ணில், இஞ்சினிலிருந்து ஹீட் மீட்டருக்கு வரும் வயர் பட்டது. இஞ்சினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவில் இருக்கும் தகரத்தில் ஒரு ஓட்டை, வயர் அதற்குள் நுழையும் இடத்தில் எலி கடித்து ஒரே ஒரு நூல் செம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கச் சொல்லவில்லை. அவன் வேலை சுத்தத்துக்கு அதை விட்டுவிட்டு வர மனசு வராது. வெட்டி, இரண்டு நுனியையும் சேர்த்தான். முறைப்படி ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அந்த இடுக்கில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் நுழையாது, பக்கத்தில் பெட்ரோல் குழாய் வேறு. கையெல்லாம் எண்ணெய், வயர் வழுக்கியது.

"சிட்டி, அந்தக் கொட்டாங்கச்சிய இப்படித் தள்ளு" என்றான்.

தள்ளியது நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன். சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. அதன் மேல் ரப்பர் டேப். பட்டு இழையைச் சேர்க்கிற கை செம்புக் கம்பியையும் அப்படியே சேர்த்தது. டேப் சுற்றுவதற்கு முன் தலையை வெளியே நீட்டி, "வந்து பாரு, எங்க ஜாயிண்ட்டுன்னு கண்டுபிடி பாக்கலாம்" என்று என்னைக் கூப்பிட்டான். குனிந்து பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. "பெரிய வித்தைக்காரன்தான் போ" என்றேன்.

பட்டுக்குச் சாம்பல் பிடிமானம். செம்புக்கு அது நஞ்சு. அந்த வருஷத்து ஐப்பசி மழையில், டேப்புக்கு அடியில் இருந்த சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுத்திருக்கிறது. செம்பு பச்சை பூத்திருக்கிறது. வயர் அறுந்திருந்தால் முள் ஒரேயடியாகக் கீழே விழுந்து, கோளாறு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இது அறவும் இல்லை, ஒழுங்காகச் சேதியைக் கடத்தவும் இல்லை. மாசா மாசம் முள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் முனிசாமி கடைப்பக்கம் வந்தவன், "அண்ணே, நீ கை வெச்சதுலேர்ந்து இஞ்சின் குளுந்து போச்சுண்ணே. மெட்ராஸ் போயி வந்தாலும் முள்ளு பாதிக்கு வர்றதில்ல" என்றான். பஞ்சாட்சரம் மீசைக்குள் சிரித்துக்கொண்டான். நானும் சிரித்தேன். மீட்டருக்கு ஒட்டு போட்டால் இஞ்சின் எப்படிக் குளிரும் என்று அங்கே நின்ற மூன்று பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. புகழ்ச்சி காதில் விழுந்தால் மூளை தூங்கிவிடுகிறது.

அடுத்த வைகாசியில் முதலாளியின் தங்கை மகள் கல்யாணத்துக்கு வீட்டோடு செங்கல்பட்டுக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டில் முதலாளி, பின்னால் வீட்டுப் பெண்கள். வாலாஜாபாத் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. பத்து வருஷத்துத் துரு ரேடியேட்டரை அடைத்திருந்தது. உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முனிசாமி ஓரம் கட்டி மீட்டரைப் பார்த்திருக்கிறான். முள் கீழே கிடந்தது.

"இன்னாடா நிறுத்திட்டே? ஒம்பதரைக்கு முகூர்த்தம்" என்றார் முதலாளி.

"இஞ்சின் இழுக்கல முதலாளி. ஹீட்டு இல்ல, முள்ளு கீழதான் இருக்குது. இன்னான்னு பாத்துட்றேன்."

"சட்டுனு பாரு."

லாரியில் கிளீனராக இருந்தவனுக்கு, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு நாளாக இருந்தால் அரைமணி நேரம் பானட்டைத் திறந்து போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு அவசரம். அதோடு முள் கீழே இருந்தது. அந்த முள்ளைச் சரிசெய்தது பஞ்சாட்சரம். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, துணியைப் போட்டு மூடியைத் திருகினான். கொதிநீர் முழுவதும் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தான். நான் போய்ப் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு. யார் வந்தாலும் முதலில் அவன் சொன்னது ஒன்றுதான். "முள்ளு கீழதான்பா இருந்துச்சி. நான் பாத்துட்டுதான் தொறந்தேன்." வலிக்கிறது என்று சொல்லவில்லை. அதைத்தான் சொன்னான்.

இதற்குள் முதலாளி ஊரில் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான், இல்லாவிட்டால் இத்தனை வருஷத்து டிரைவர் அப்படித் திறப்பானா என்றார். அப்போது சாராயக்கடை திறந்த புதிது. யார் மேல் வேண்டுமானாலும் அந்தப் பழியைப் போடலாம், ஒட்டிக்கொள்ளும். முகூர்த்தம், முகூர்த்தம் என்று விரட்டியவர் அவர். அந்த உறுத்தலை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிந்தது. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை.

ஆனி மாதம் தேவகி எங்கள் கடைக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"அண்ணே, முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு. பஞ்சாட்சரம் வந்து பாக்கட்டும், மீட்டருதான் தப்புன்னு அவன் சொல்லிட்டா, முனிசாமி என் வண்டியாலதான் கண்ண வுட்டான், சாவற வரைக்கும் இந்த வீட்டுலயே வெச்சிப் பாத்துக்கறேன்னு சொல்றாரு. மீட்டரு சரியா இருந்துச்சின்னா, குடிகாரனுக்கும் பொய் சொல்றவனுக்கும் இங்க எடம் இல்லன்றாரு. நீங்க பாத்து சொல்லுங்கண்ணே. முள்ளு கீழதான் இருந்துச்சின்னு அவரு தூக்கத்துலகூட சொல்றாருண்ணே."

"நாளைக்கே வர்றேம்மா. முள்ளு கீழ இருந்ததுன்னா ஏன் இருந்துச்சின்னு கண்டுபிடிக்காம எழுந்திருக்க மாட்டேன். நீ போ" என்றான் பஞ்சாட்சரம். அப்போது அவன் சொன்னது சத்தியம். தன் இணைப்பு அவன் நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை இருவரும் முதலாளியின் கார் ஷெட்டுக்குப் போனோம். வண்டி ஒரு மாதமாக ஓடாமல் நின்றதால் பேட்டரி இறங்கியிருந்தது. நான் ஒரு பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனேன். ரேடியேட்டரை ஏற்கெனவே கழுவிப் பூட்டியிருந்தார்கள். டிரைவர் சீட்டில் என்னை உட்காரவைத்து, முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொன்னான். அதாவது, முனிசாமி உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

இஞ்சினை இருபது நிமிஷம் ஓடவிட்டான். பானட்டின் மேல் கை வைக்க முடியாத சூடு. முள் அடியை விட்டுக் கொஞ்சம்தான் எழும்பியிருந்தது. "முனிசாமி சொன்னது நெசம்தான்யா" என்று கத்தினேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

பஞ்சாட்சரம் முகத்திலும் சந்தோஷம். அவன் வேலையில் இறங்கிவிட்டால் ஒரு சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு. இஞ்சின் தலையில், சூட்டை அறிய ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் திருகியிருக்கும். அதிலிருந்து வயரைப் பிடுங்கி இஞ்சினின் இரும்பிலேயே வைத்தான். "இப்ப மேல முட்டணும். முட்டுதா?"

"இல்ல. கால்வாசிதான் ஏறுது."

"அப்போ குமிழ் மேல தப்பு இல்ல. பெட்ரோல் மீட்டரு?"

"அது சரியாத்தான் இருக்குது."

"அப்போ ஸ்டெபிலைசரும் நல்லாருக்குது. மீட்டரு, இல்லன்னா நடுவுல வயரு." டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து, மீட்டரின் முதுகிலிருந்து ஒரு புது வயரை இழுத்து வண்டியின் உடம்பில் தொட்டான். முள் மெதுவாக ஏறி உச்சியில் போய் நின்றது.

"முட்டிடுச்சி" என்றேன்.

"மீட்டரும் நல்லாருக்குது. அப்போ நடுவுல..." என்று ஆரம்பித்தவன், முடிக்கவில்லை.

நான் மேலே இருந்து அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. டேப்பை உரிக்கும் சத்தம் கேட்டது. "இன்னாயா?" என்று குனிந்தேன். டார்ச் வெளிச்சத்தில் அவன் விரலுக்கு நடுவில் அந்த இணைப்பு இருந்தது. மடிப்புக்குள் சாம்பல் நிறம், ஓரமெல்லாம் பச்சை. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது. கொட்டாங்கச்சி ஞாபகம் வந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்தான். அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். புது வயரை அளந்து, இந்த முறை டேஷ்போர்டிலிருந்து குமிழ் வரை நடுவில் ஒட்டே இல்லாமல் முழுசாக இழுத்தான். அவன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரிந்து செய்தானா என்று இன்றைக்கும் நான் யோசிப்பதுண்டு. தப்பைக் கண்டால் சரிசெய்கிற கை, சரிசெய்துவிட்டது. வாய் திறப்பதற்கு முன் சாட்சி போய்விட்டது.

அவன் வெளியே வரவும் முதலாளி ஷெட்டுக்குள் வரவும் சரியாக இருந்தது. பின்னால் வாசலில் தேவகி, தோளில் குழந்தை.

முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முள் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில் அழகாக நின்றது. "இன்னா பஞ்சாட்சரம்? மீட்டரு எப்பிடி?"

பஞ்சாட்சரம் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "மீட்டரு நல்லாத்தான் இருக்குது" என்றான்.

"நான் சொன்னேன்ல?" என்று முதலாளி தேவகி பக்கம் திரும்பினார்.

நான் அங்கேதான் இருந்தேன். டிரைவர் சீட்டில், கதவைத் திறந்தால் இறங்கிவிடலாம். முள் கால்வாசி ஏறி நின்றதை என் கண்ணால் பார்த்தவன். அடுத்த வார்த்தையை அவனே சொல்லிவிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றும் இருந்தது. என்ன சாக்கு சொன்னாலும், ஊரையே திட்டுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. தேவகி திரும்பிப் போனாள்.

தெருவுக்கு வந்ததும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், நீ மனுஷனா? ஒரு குடும்பத்த நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டு வர்ற. திரும்பு. போய்ச் சொல்லு."

"இருவது வருஷம் சிட்டி. என் கையில ஒண்ணு தப்பினதில்ல."

"இப்போ தப்பிடுச்சி. போய்ச் சொல்லு."

"சொல்றேன். நாளைக்குச் சொல்றேன். ஒரு நாள் குடு" என்றான். அழுதான். அழுதால் நான் விட்டுவிடுவேன் என்று கணக்குப் போட்டு அழுதான் என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே அழுதான். ஆனால் நாளைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் தேவகி முனிசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு கூரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச்சுருட்டு, குழந்தை. நான் என் கடைக்குள் இருந்து பார்த்தேன்.

அதன் பிறகு பஞ்சாட்சரம் மீட்டர் வேலை எடுப்பதில்லை. ஹாரன், லைட், டைனமோ என்று மட்டும் பார்த்தான். கண் மங்கிவிட்டது என்று காரணம் சொன்னான். ஊர் அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டது. கண் சரியில்லாதபோது மீட்டரைத் தொடமாட்டான், அவ்வளவு சுத்தம் என்றார்கள். கொட்டாங்கச்சியைத் தூக்கி எறிந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூரத்துக்குப் போக ஆரம்பித்தான். அரிசி, வெல்லம், குழந்தைக்குப் பாவாடைத் துணி என்று எதையாவது தூக்கிக்கொண்டு போவான். முனிசாமிக்குப் பேப்பர் படித்துக் காட்டுவான். திங்கட்கிழமை காலை தட்டியைத் தட்டி, "சொன்னியா?" என்பேன். "வாய் வரல" என்பான். ஒரு வருஷம் கேட்டேன். பிறகு எனக்கே வெறுத்துப்போய்க் கேட்பதை நிறுத்தினேன்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. எழுபத்தாறு மாசியில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி ரத்தம் வந்தது. டாக்டர் நல்ல சேதி சொல்லவில்லை. மறு ஞாயிறு அவனே என் கடைக்கு வந்து நின்றான். சட்டைப் பையில் விபூதிப் பை. அதற்குள் காகிதத்தில் மடித்து அந்த வயர்த் துண்டு. நாலு வருஷமாக விபூதியோடு சேர்த்து நெஞ்சிலேயே வைத்திருக்கிறான். "நீ கூட வா சிட்டி. நான் முழுங்கினா நீ சொல்லு" என்றான். போனேன்.

கூரத்தில் வீட்டு வாசலில், வேப்பமரத்து நிழலில் முனிசாமி கயிறு திரித்துக்கொண்டிருந்தான். கண் போன பிறகு அதுதான் அவன் தொழில். நாரை நாரோடு சேர்த்து உருட்டும் அந்தக் கை ஒரு நிமிஷமும் நிற்பதில்லை. தேவகி கொஞ்சம் தள்ளி ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு, பஞ்சாட்சரம் அண்ணனா? கூட இன்னொரு செருப்பு சத்தம் கேக்குதே."

"நான்தான்பா, சிட்டி" என்றேன்.

பஞ்சாட்சரம் உட்காரவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். "முனிசாமி, அன்னிக்கு முள்ளு கீழதான் இருந்துச்சி. நீ பாத்தது சரி. நான் போட்ட ஜாயிண்ட்டு. சாம்பல் தொட்டுப் போட்டேன். அது பூத்துப் போயி முள்ளு பொய் சொல்லுச்சி. ஷெட்டுல பாத்தப்போ கண்டுபிடிச்சேன். முதலாளிகிட்ட மறைச்சிட்டேன். உன் கண்ணு போனது என்னாலதான். உன் வீடு போனதும் என்னாலதான்."

முனிசாமியின் கை நின்றது. தேவகியின் கையும் நின்றது.

முனிசாமி சிரித்தான். "உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். இந்த நெலமையில இத சொல்றதுக்கா பஸ் ஏறி வந்தே? என் மனசு ஆறணும்னு சொல்றே. தெரியாதா எனக்கு? நாலு வருஷமா ஞாயித்துக்கெழம தப்பாம வர்றவன் நீ. நீ கை வெச்ச மீட்டரு பொய் சொல்லுமா அண்ணே? நான்தான் சரியா பாக்கல. முதலாளி கத்தினாரு, நான் அவசரத்துல பாத்தேன். மேல இருந்தத கீழன்னு நெனச்சிருப்பேன். நெனச்சி நெனச்சிப் பாத்து நானே ஒத்துக்கினேன்."

"இல்லப்பா, நானும் பாத்தேன். உன் சீட்டுல உக்காந்து பாத்தேன். முள்ளு கீழதான் இருந்துச்சி" என்றேன்.

"நல்லா இருக்குது. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு வந்திருக்கீங்க" என்றான்.

பஞ்சாட்சரம் மண்டியிட்டு, காகிதத்தைப் பிரித்து, வயரை அவன் உள்ளங்கையில் வைத்தான். "இதான் அந்த வயரு. நீயே பாரு."

முனிசாமி வாங்கினான். இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை விரலை ஓட்டினான். திரும்ப ஒரு முறை ஓட்டினான். கயிறு திரிக்கிற விரல், ஒரு நார் பிசகினாலும் கண்டுபிடித்துவிடும். பச்சையைப் பார்க்கத்தான் அவனுக்குக் கண் இல்லை.

"எங்கண்ணே ஜாயிண்ட்டு? எங்கயும் தட்டுப்படலியே. இதுவா? அடேயப்பா, இவ்ளோ நைசா சேத்திருக்கே! இதுல கோளாறு வருமா? போ அண்ணே" என்று வயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாரை எடுத்து மறுபடியும் உருட்ட ஆரம்பித்தான்.

பஞ்சாட்சரம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவனை நான்தான் தூக்கி நிறுத்தி ரோட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன். தேவகி பின்னாலேயே வந்தாள். பஸ் வரும் இடத்தில் நின்றதும் அந்த வயரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குக் கண் இருந்தது, பச்சை தெரிந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"மொதல்ல ஒரு வருஷம் அவரு அதையே சொல்லிக்கினு இருந்தாருண்ணே, முள்ளு கீழதான் இருந்துச்சின்னு. நீங்களே பாத்துட்டு இல்லன்னு சொன்னப்புறம் நான் எப்பிடி நம்பறது? குடிச்சிட்டுத்தான் தொறந்திருக்கே, வாய மூடுன்னு நான்தான் அவர ஏசினேன். சோத்துத் தட்டு முன்னாலகூட ஏசினேன். அதுக்கப்புறம்தான் அவரு சொல்றத நிறுத்தினாரு."

பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறினோம். தேவகி அந்த வயரை முந்தானையில் முடிந்துகொண்டு அங்கேயே நின்றாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.